ஆணி அடிக்காத தடுப்பு

முதலில் கம்பி. பெட்டியோடு வந்த காகிதத்தில் அப்படித்தான் படம் போட்டிருக்கிறது. கம்பியைத் தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் நிறுத்தி, இடுப்பைப் பிடித்து வலது பக்கமாக முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க நீளும். இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் தொப்பி போய் மேலேயும் கீழேயும் அமுக்கிக்கொண்டு நின்றுவிடும். ஆணி வேண்டாம், டிரில் மெஷின் வேண்டாம், ஆள் வேண்டாம். "ஒரு லேடி தனியா மாட்டுறதைத்தாம்மா வீடியோல காட்டுறாங்க, ஈசி" என்று பரிதி ஆபீஸ் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனான். என் மகன். அந்த லேடிக்கு ஐம்பத்தெட்டு வயசா, இடது தோள்பட்டை தூக்க வருமா என்றெல்லாம் வீடியோவில் காட்டியிருக்க மாட்டார்கள். "சுவத்துல ஓட்டை மட்டும் விழக் கூடாதும்மா. ஹவுஸ் ஓனர் அக்ரிமென்ட்லயே போட்டிருக்கார்" என்று லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து வேறு சொன்னான். யாரிடம் சொல்கிறான். சுவரில் ஓட்டை போடாமல் வாழ்வது எப்படி என்று நான் வகுப்பே எடுப்பேன். மணி பத்து. பன்னிரண்டுக்கு அவருக்கு ரசம் சாதம். அதற்குள் முடித்துவிடலாம். ஒன்பதாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, கோயம்புத்தூர், ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கம் மலை விட்ட இடைவெளியில் புகுந்து வருகிற காற்று வழியில் யாரையும் விசாரிக்காமல் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. போன வாரம் கொடியில் போட்ட ஜாக்கெட் மூன்றாவது பிளாக் மாடியில் கிடந்தது. முறுக்குகிறேன். பின்னால் நாற்காலியில் அவர். வேட்டி பறக்காமல் இருக்க முழங்காலுக்குப் பக்கத்தில் இரண்டு துணி கிளிப் போட்டிருக்கிறேன். ஒன்று பச்சை, ஒன்று ரோஸ். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் பேன்ட் மடிப்புக் கலையாமல் போய் வந்த என்ஜினீயர். அவருக்கு ரோஸ் கிளிப். நான்தான் தேடி எடுத்தேன், பச்சையில் இன்னொன்று இருந்தது. "காத்து" என்கிறார். அதுக்குத்தானேங்க பண்றேன். "காத்து." கேட்டுச்சுங்க.

எட்டு மாதமாகிறது. கார்த்திகையில் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் மேலேயே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போயிற்று. தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பரிதி எங்கள் இருவரையும் இங்கே அழைத்து வந்தான். "பேச்சுதாம்மா போயிருக்கு, புரியறதெல்லாம் முழுசாப் புரியும். எதிர்ல வச்சுக்கிட்டு எதையும் பேசிராதீங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது துக்கம் இல்லை. முழுசாப் புரியும், ஆனால் ஒன்றும் சொல்ல முடியாது. அட, இது என் வேலை அல்லவா, இத்தனை வருஷம் நான் பார்த்த வேலை. ஆறு மாதம் சத்தமே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண், பொறுமைசாலி. "புதுசா எதுவும் சொல்லிக் குடுத்தா வராதும்மா. பழசு ஏதாவது ஒண்ணு தானா வரும், அடியில கெடக்கறது. பாதி வந்தா மீதியை நீங்க எடுத்துக் குடுங்க, அப்படியே பிடிச்சுக்குவார்" என்றாள். எது வரும் என்று நானும் காத்திருந்தேன். 'இந்தா' என்று வரும் என்று நினைத்தேன், அதிகம் சொன்னது அதுதான். இல்லாவிட்டால் சனியன். வைகாசி கடைசியில், காற்று ஆரம்பித்த வாரம், பால்கனியில் உட்கார வைத்துவிட்டு நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது தெளிவாக வந்தது. காத்து. பரிதி அழுதே விட்டான். வீடியோ எடுத்துப் பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் பெண்டாட்டிக்கு, மாமனாருக்கெல்லாம் அனுப்பினான். அதற்கப்புறம் அதே ஒரு சொல், காலை, பகல், குளிப்பாட்டும்போது, மாத்திரை கொடுக்கும்போது. "அப்பா என்னம்மா சொல்றார்?" என்று பரிதி கேட்டான். "காத்து ஆகலைங்கறாரு" என்றேன். ஆகலை என்பது என் சரக்கு. அவர் சொன்னது காத்து மட்டும்தான். காத்து வேணும் என்றாலும் காத்து. காத்து அடிக்குது, உள்ளே கூட்டிக்கொண்டு போ என்றாலும் காத்து. முதல் பாதி ஒன்றுதான். மீதிப் பாதியைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை. அந்த மீதி என் கையில் இருந்தது, நான் எனக்கு வேண்டியதை வைத்து முடித்தேன்.

தெரியாமல் செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் ஜன்னல் துடைத்துக்கொண்டே பார்த்தேன். காற்று மலைப் பக்கத்திலிருந்து ஓங்கி ஒன்று வந்தது. அவர் முகவாயைத் தூக்கினார். இடது கண்ணை மூடினார், வலது கண் தானாகப் பாதி மூடும். வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் மேலே போயிற்று. இருக்கிற நரை முடியெல்லாம் எழுந்து நிற்க, பள்ளிக்கூடப் பையனை சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து இறக்கத்தில் விட்டால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எட்டு மாதத்தில் அந்த உடம்புக்குக் கிடைத்த ஒரே சுகம் அது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே பரிதியிடம் சொன்னேன், அப்பாவுக்குக் காத்து ஆகலைப்பா, ஏதாவது தடுப்புப் போடணும் என்று. அவன் போனைத் தட்டினான். நாலாம் நாள் பெட்டி வந்தது. நிமிர்ந்த கம்பி இரண்டு, குறுக்குக் கம்பி ஒன்று, சாம்பல் நிறத்தில் தடித்த ஷீட் ஒன்று, ஓரமெல்லாம் பித்தளை வளையம் பதித்தது, ஒரு பொட்டலம் கேபிள் டை. பெட்டியைப் பிரிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். புதுப்புடவை பிரிக்கிற சந்தோஷம்.

இரண்டு கம்பியும் நின்றுவிட்டன. குறுக்குக் கம்பியையும் மாட்டியாயிற்று. ஷீட்டை விரிக்கும்போதுதான் காற்று சண்டைக்கு வந்தது. ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை முகத்தில் அறைகிறது. "ஏனுங்க்கா, தனியாவா கட்டறீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பனல்லங்க" என்று பக்கத்து வீட்டுக் கோகிலாமணி திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். நல்ல பெண்மணி. எல்லாவற்றையும் பார்க்கிற நல்ல பெண்மணி, அதுதான் தொந்தரவு. "அய்யன் தெனமும் இங்க உக்காந்து காத்து வாங்கறதை எங்கூட்டு பால்கனில இருந்து பாப்பனுங்க. மொகத்த நீட்டி நீட்டி வாங்குவாரு, பாக்கறக்கே மனசுக்கு நல்லாருக்கும். இப்ப எதுக்குங்க்கா அடைக்கறீங்க?" என்றாள். "அவருக்கு ஆகலைங்க. காத்து காத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு." "வேணுமுன்னு கேக்கறாரோ என்னமோ? அது எப்படிங்க தெரியும்?" "முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதாங்க?" "அதுவுஞ் சரித்தானுங்" என்றாள், ஆனால் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பார்த்தது அவளையும் இல்லை, பால்கனியையும் இல்லை. என்னை. "காத்து" என்றார். கோகிலாமணிக்கு உடனே ஒரு யோசனை தோன்றிவிட்டது, அவளுக்கு எதற்கும் யோசனை உண்டு. "ஒண்ணு பண்ணுங்க்கா. அடைச்சுப்போட்டுப் பாருங்க. அப்பறமும் காத்துன்னாருன்னா வேணுமுன்னு கேக்கறாருன்னு அர்த்தம். ஒரு மூலைய அவுத்து உட்ருங்க, தெரிஞ்சுபோகும்." அவள் வீட்டில் குக்கர் கூப்பிட்டது, ஓடிவிட்டாள். பரீட்சை வைக்கச் சொல்கிறாள். வைக்கலாமே. யாருக்கு என்பதுதான் கேள்வி.

மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் பால்கனிக் கிராதியோடு எட்டு, பக்கத்துக்கு நாலு. இருபத்துநாலு வளையம், இருபத்துநாலு டை. வாலை வளையத்தில் விட்டு, கம்பியைச் சுற்றி, தலையில் இருக்கிற ஓட்டையில் நுழைத்து இழுத்தால் கிர்ரென்று பல் பல்லாக உள்ளே போகிறது. போனது திரும்பாது. இந்தப் பொருளைக் கண்டுபிடித்தவன் யாரோ குடும்பஸ்தன். தளர்த்த வழியே கிடையாது, வேண்டாமென்றால் வெட்டித்தான் எறிய வேண்டும். மேலே அரை அடி விட்டுக் கட்டச் சொன்னான் பரிதி, காற்று போக வழி இல்லாவிட்டால் ஷீட்டைக் கிழித்துவிடுமாம். நான் விடவில்லை. குறுக்குக் கம்பியை மேல்தளத்தை ஒட்டியே ஏற்றிவிட்டேன். கிழிந்தால் கிழியட்டும், அதுவரைக்கும் ஒரு இழை வரக் கூடாது. கிர். ஐந்து. கிர். ஆறு. ஆணி இல்லாமல் என்ன அழகாக நிற்கிறது. தஞ்சாவூரில் அவர் நின்று கட்டிய வீடு, வாசலில் கறுப்புக் கிரானைட்டில் 'வைத்திலிங்கம் இல்லம்', உள்ளே சுவரெல்லாம் தடவினால் கை வழுக்கும். "என் சுவத்துல ஒரு ஆணி ஏறக் கூடாது" என்று கிரகப்பிரவேசத்தன்றே சொல்லிவிட்டார். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். சாமி படங்களை மாடத்தில் சாய்த்தேன். கண்ணாடியை பீரோவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். எல்லாம் கட்டுதான், எதுவும் அறைதல் இல்லை. அப்புறம் அவர் அம்மா போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவரே ஏணி போட்டு ஏறி, மட்டம் பார்த்து, ஹாலில் நடுச்சுவரில் ஆணி அடித்து அம்மா படத்தை மாட்டினார். அது பரவாயில்லை, அம்மா. என் அப்பா படத்தை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றபோதுதான், "இந்தா, ஒரு தரம் சொன்னாப் புரியாதா?" என்றார். படம் துண்டில் சுற்றிப் பீரோ மேலே போயிற்று. இன்னும் துண்டில்தான் இருக்கிறது, இங்கேயும் பீரோ மேலேதான், ஹவுஸ் ஓனரும் ஆணி அடிக்க விடாதவராக வாய்த்திருக்கிறார். கிர். ஒன்பது. இழுத்த வேகத்தில் விரல் நுனியில் கிழித்துவிட்டது. ரத்தம். வாயில் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். "காத்து" என்கிறார், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

மெதுவாகச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். பத்து, பதினொன்று, கையை வேகமாக ஓட்டினால் எதுவும் ஞாபகம் வராது என்று யாரோ சொன்னது பொய். என் கல்யாணப் பத்திரிகையில் 'செல்வி காத்தாயி (எ) சுகுணா' என்று போட்டிருந்தது. வலங்கைமான் பக்கம் எங்கள் குலதெய்வம் காத்தாயி, முதல் பெண்ணுக்கு அந்தப் பேர்தான். மாப்பிள்ளை என்ஜினீயர் என்பதால் சுகுணாவைச் சேர்த்தார்கள். நடுவில் ஒரு 'எ', சின்ன அடைப்புக்குறிக்குள், என்கிற. முதல் நாலு மாதம் அவர் என்னைச் சுகுணா என்று கூப்பிடவே இல்லை. காத்து என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வந்து, காதுப் பக்கம், மெதுவாக, காத்து. "காத்து கருப்பெல்லாம் அண்டாதும்பாங்க, நான் அதையே கட்டிக்கிட்டேன் பாரு" என்று சிரிப்பார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பிடிக்கவும் பிடிக்கும். பிடித்தது. சொல்லியாயிற்று. அப்புறம் ஒரு நாள் அவர் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். அசந்து மறந்து அவர் ஹாலிலிருந்து, "காத்து, தண்ணி கொண்டா" என்றார். ஒரு அம்மாள், கழுத்து நிறைய நகை, "என்ன பேருங்க அது, காத்தாயியா? எங்க ஊர்ல வண்ணாத்தி பேரு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அன்றோடு முடிந்தது. வெளியார் முன்னால் சுகுணா, உள்ளே இந்தா. ரேஷன் கார்டில் சுகுணா, ஆதாரில் சுகுணா. பரிதிக்கே என் பேர் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சொல் வந்த அன்றைக்கே கேட்டிருப்பான். இந்த ஊரில் அந்தப் பேர் தெரிந்த ஆள் இரண்டே பேர், ஒருத்தருக்கு வாய் இல்லை, ஒருத்தி வாயைத் திறப்பதாக இல்லை. பன்னிரண்டு. இல்லை, அவர் கேட்பது காற்றைத்தான். ஆடியில் காற்று வீசுகிறது, மனுஷன் காத்து என்கிறார், இதில் என்ன ஆராய்ச்சி. வைகாசியில் காற்று வந்ததும்தான் சொல்லே வந்தது. நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது வந்தது. நான் எதிரே நின்று தலை வாரிக்கொண்டிருந்தபோது. பதிமூன்று.

பழசு வரும் என்றாளே அந்தப் பெண், அடியில் கிடப்பது. அடியில் இன்னொன்றும் கிடக்கிறது, அது வருமா? புது வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம், ஹாலில் சிவப்பு டெலிபோன் வந்து மூன்று மாதம். அவருக்கு மேல் அதிகாரி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் எடுத்தார். அந்த போனில் பேசினால் அடுத்த அறை வரைக்கும் கேட்கும், அதிலும் அப்பாவுக்கு எஸ்.டி.டி. பூத்தில் கத்தித்தான் பேச வரும். "மாப்ளே, நான்தான். ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்து பேசுறேன். நாளைக்கு வயித்துல ஆப்பரேசனுங்கறாங்க. காத்தாயிகிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன்." காத்தாயி என்றது ஹாலில் விழுந்தது. அதிகாரி நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும், நான் அதைப் பார்க்கவில்லை. இவர் குரலைத்தான் கேட்டேன், நல்ல மரியாதையான குரல், ஆபீஸ் குரல். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க. ராங் நம்பர்." வைத்துவிட்டார். வைத்துவிட்டு, "எங்கெங்கேயோ இருந்து அடிக்கிறாங்க சார், லைன் குடுத்ததிலேர்ந்து இதே தொல்லை" என்றார். நான் என்ன செய்தேன்? அவரையே எத்தனை நாள் குற்றம் சொல்வேன், நான் என்ன செய்தேன்? ஓடிப்போய் அந்தக் கருமத்தைப் பிடுங்கவில்லை. டம்ளரில் நுரை சரியாக நிற்கிறதா என்று பார்த்து, தட்டில் வைத்து, தலைப்பைப் போர்த்திக்கொண்டு எடுத்துப் போய்க் கொடுத்தேன். சர்க்கரை போதுமா சார் என்று கேட்டேன். அப்புறம் டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்று ஸ்டூலைத் துடைத்தேன், வெகுநேரம் துடைத்தேன். இன்னொரு தரம் கூப்பிட்டால் எடுத்துவிடலாம் என்று. அப்பா கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் தந்தி. "நம்பர் மாறிப்போச்சாம்டி, யாரோ எடுத்து அந்தப் பேர்ல ஆளில்லைன்னுட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுதாருடி" என்று அண்ணன் சொன்னான். அப்பாவுக்கு மாப்பிள்ளை குரல் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நம்பர் மாறிப்போச்சு என்றிருக்கிறார், என் மானத்தைக் காப்பாற்ற. இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மறந்தவர் அந்தப் படத்தை ஆணியில் மாட்ட ஏன் பயப்பட வேண்டும்?

இருபது. இருபத்தொன்று. வெளிச்சம் ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இருபத்திரண்டில் ஷீட் விம்மி என் தோளை இடித்தது, நான் முழங்காலால் அமுக்கி இழுத்தேன். இருபத்துமூன்று. காற்றுக்கு இனி அந்த வலது பக்கக் கீழ் மூலை ஒன்றுதான் வழி, அது வழியாக அவர் காலுக்கு மட்டும் வருகிறது, பச்சை கிளிப் ஆடுகிறது. இழுத்தேன். கிர். இருபத்துநாலு. காது அடைத்துப்போன மாதிரி ஆயிற்று. இரண்டு மாதமாக வீட்டில் இருந்த ஒரு ஆள் திடீரென்று வெளியே போனால் எப்படியோ அப்படி. வெளியே அது மோதுகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, எழுந்து நின்றிருந்த அவர் முடியெல்லாம் நெற்றியில் படிந்துவிட்டது. பால்கனி சாம்பல் நிறமாகிவிட்டது, அவர் முகமும். ஒரு ஈ எங்கிருந்தோ வந்து அவர் வலது கன்னத்தில் உட்கார்ந்தது. காற்று இருந்தவரைக்கும் ஈ வராது, அதை நான் யோசிக்கவில்லை. உணர்ச்சி இல்லாத பக்கம். அது நடக்கிறது, வாயோரம் வரைக்கும் நடக்கிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஓட்டலாம், ஓட்டுவேன், கொஞ்சம் போகட்டும். "காத்து" என்கிறார்.

அடைச்சாச்சுங்க. "காத்து." சரி, கோகிலாமணியின் பரீட்சை. கத்தரிக்கோலை எடுத்து அந்த மூலையிலும் பக்கத்திலும் இரண்டு டையை வெட்டினேன். ஷீட் படாரென்று விலகியது. காற்று நேராக அவர் முகத்தில். ஈ போயிற்று, முடி எழுந்தது, வேட்டி கிளிப்பை இழுத்தது. இப்போது முகவாயைத் தூக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும். தூக்குங்களேன். வேணும் என்றுதான் கேட்டேன் என்று காட்டுங்களேன், அவிழ்த்து எறிந்துவிடுகிறேன் இருபத்துநாலையும், சத்தியமாக. அவர் தூக்கவில்லை. காற்றின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்க்கிறார். இடது கை மடியிலிருந்து எழுந்து வந்து என் முந்தானையைப் பிடித்தது. எட்டு மாதத்தில் அது அவ்வளவு தூரம் வந்ததில்லை. வாய் கோணிக்கொண்டு, எச்சில் ஒழுக, "காத்து" என்றார். தலையை இல்லை என்பது போல ஆட்டிக்கொண்டார். மறுபடியும் முயன்றார். "காத்... தா." மூச்சு வாங்கியது. "காத்தா." அங்கேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு எழுத்து பாக்கி. கண்ணில் தண்ணீர், காற்றினாலும் வரும், அதனால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பாதி வந்தா மீதியை எடுத்துக் குடுங்க என்றாளே அந்தப் பெண். என் வாய்க்குள் அந்த எழுத்து தயாராக இருந்தது. ஒரு எழுத்து. சொன்னால் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டு முழுசாகச் சொல்வார், அதற்கப்புறம் மன்னிச்சுடு என்று கூட ஒரு நாள் வரலாம். வந்தால் நான் என்ன செய்ய? அதைக் கேட்க வேண்டியவர் துண்டுக்குள் அல்லவா இருக்கிறார்.

பொட்டலத்தில் மிச்சம் இருந்த இரண்டு டையை எடுத்தேன். அவர் முந்தானையை விடவில்லை, பிடித்த பிடியோடு குனிந்து வளையத்தில் விட்டு, கம்பியைச் சுற்றி, இழுத்தேன். கிர். கிர். காற்று நின்றது. நீண்டு நின்ற வாலைக் கூடக் கத்தரித்துவிட்டேன், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டுமே. அப்புறம் அவர் காதுப் பக்கம் குனிந்தேன். நல்ல பக்கத்துக் காது, இடது. நல்ல மரியாதையான குரலில் சொன்னேன். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைங்க. ராங் நம்பர்."

டாக்டர் சொன்னது சரிதான், முழுசாகப் புரிகிறது. அந்த நல்ல கண்ணில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். மறக்கவில்லை அவர், ஒரு சொல் கூட மறக்கவில்லை. முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன, கை மடியில் விழுந்தது. நான் எதிர்பார்த்தது என்னவோ பெரிதாக ஒன்று, நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன், இத்தனை வருஷமாக வைத்திருந்ததாயிற்றே. ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. உள்ளே வந்து ரசத்தை அடுப்பில் வைத்தேன், சாதத்தைக் கரண்டியால் மசித்தேன். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். சொன்ன நேரத்துக்குள் முடித்தாயிற்று, சுவரில் ஒரு ஓட்டை இல்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் காது கொடுத்து நிற்கிறேன். இன்னொரு தரம் கூப்பிட்டால் ஓடிப்போய்விடலாம் என்றுதான் அன்றைக்கும் நின்றேன். ரசம் நுரை கட்டுகிறது. பால்கனிப் பக்கமிருந்து சத்தம் இல்லை.